நாலு பேர் சஹனில் சம்பந்தியம்மா

என் மகளுக்கும் ஏசிக்கும் ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் கல்யாணத்தில் நடந்த கூத்துக்கெல்லாம் ஆரம்பம் அங்கேதான்.

என் வீட்டுக்காரர் பாதி வாழ்க்கையை சவூதியில் ஓட்டிவிட்டு வந்து, பாபநாசம் பக்கம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை போட்டவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்ததில் முக்கியமானது ஒரு பழக்கம். ஏசியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து அறையைக் குளிர வைப்பார். பிறகு கனத்த கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். கத்திரி வெயிலில் தஞ்சாவூர் ஜில்லாவே அவிந்துகொண்டிருக்கும், எங்கள் வீட்டில் ஒரு மனிதர் மட்டும் கம்பளிக்குள் கிடப்பார்.

"அத்தா, குளுருதுன்னா ஏசிய நிறுத்துங்க. கம்பளிய எதுக்கு இழுக்குறீங்க?" என்பாள் மகள்.

"கம்பளி போத்திக்கிட்டுத் தூங்கத்தாண்டி ஏசியே வாங்கினேன்" என்பார் அவர்.

அப்புறம் ரிமோட் காணாமல் போகும். ஒருநாள் அரிசி டிரம்முக்குள் இருந்தது. இன்னொரு நாள் என் தலையணை உறைக்குள் இருந்தது. அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள். நான் ஒரு பாவமும் அறியாதவள். கடைசியில் உடன்படிக்கை ஆனது. கோடை முழுக்க ஒரே அறை, ஒரே ஏசி, இருபத்தாறுக்குக் கீழே போகக் கூடாது, மேலே ஃபேன் ஓடும். விருந்தாளி வந்தாலும் அதே அறையில்தான் பாய். மற்ற அறைகளின் ஜன்னல்களில் பகலெல்லாம் ஈரத்துணி தொங்கும். கம்பளி பீரோவுக்குள் போனது. என் வீட்டுக்காரர் சில நாள் அந்த பீரோவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு டியூப் மாட்டி, கொல்லையில் இருந்த நீல டிரம்மில் விழும்படி செய்தாள். வீடு துடைக்க, குளியலறை கழுவ எல்லாம் அந்தத் தண்ணீர்தான். அவள் அந்த டிரம்மை எட்டிப் பார்க்கும் பார்வையைப் பார்த்தால் உள்ளே இருப்பது கறந்த பால் என்று நினைப்பீர்கள். கொசு முட்டையிடக் கூடாது, காக்கை வந்து வாயை வைக்கக் கூடாது என்று அதற்கு மூடி தேடினோம். சரியான அளவில் எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம் பரணில் கிடந்த எங்கள் வீட்டு சஹனை எடுத்துக் கவிழ்த்தோம். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. எங்கள் விசேஷங்களில் அதில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுவோம். கறித்துண்டு நடுவில் இருக்கும். நல்ல துண்டை எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அவர் திரும்ப நம் பக்கம் தள்ளுவார். இந்தத் தள்ளுமுள்ளு முடிந்த பிறகுதான் யாராவது அதைச் சாப்பிடுவார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. இது நாலு பேருக்கான தட்டு என்பது எங்களுக்குக் கட்டிலுக்குக் கால் உண்டு என்பதுபோலத் தெரிந்த விஷயம். அந்த நினைப்புதான் பிற்பாடு எங்களைக் கவிழ்த்தது.

மகள் வீட்டோடு நிற்கவில்லை. கறிக்கடைக்குத் தூக்குவாளியோடு போனாள். கடைக்காரர் கறியைக் கறுப்புப் பையில் போட்டு, பையைத் தூக்குவாளிக்குள் வைத்துக் கொடுத்தார். வாளி கொண்டுவந்ததன் தாத்பரியம் அவருக்குப் புரியும்வரை அங்கேயே நின்று பேசிவிட்டு வந்தாள். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்கு 'தூக்குவாளி வீடு' என்று பெயர் வந்துவிட்டது. யாராவது அப்படிச் சொல்லிச் சிரித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். ஆனால் வீட்டுக்குள் நானே அவளைக் கேலி செய்வேன். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

கல்யாணத்துக்கு முந்தின வருஷம், மேட்டூர் திறந்து எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. கோடை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடந்த வாய்க்கால். தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டதும் தெருவே போய் நின்றது. முதலில் சருகு வந்தது. அப்புறம் நுரை வந்தது. அதற்கப்புறம் தண்ணீர் வர வேண்டும் இல்லையா? பாட்டில் வந்தது. சின்னச் சின்னத் தண்ணீர் பாட்டில்கள், கூட்டம் கூட்டமாக. மதகில் போய் அடைத்துக்கொண்டு, பின்னால் வந்த தண்ணீர் எங்கள் கொல்லைப் பக்கம் ஏறியது. ஆண்கள் மூங்கிலை வைத்துக் குத்தித் தள்ளினார்கள்.

மேல்புறம் இருக்கும் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணத்தின் பாட்டில்கள் அவை. இப்போது பாட்டிலில் மணமக்கள் பெயரை ஸ்டிக்கராக ஒட்டுகிறார்கள் அல்லவா, அந்த ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை. என் மகள் மதகுச் சுவரில் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் அதே இரண்டு பெயர்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "அம்மா, என் கல்யாணத்துல ஒரு தண்ணி பாட்டில் வந்தாலும் நான் நிக்காஹ் புஸ்தகத்துல கையெழுத்துப் போட மாட்டேன். என் பேரு மதகுல போயி அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

"மொதல்ல மாப்பிள்ள வரட்டும்டி. பாட்டில அப்புறம் பாப்போம்" என்றேன்.

மாப்பிள்ளை வந்தார். சென்னைக் குடும்பம். பையனுக்கு துபாயில் வேலை. தகப்பனார் இல்லை, அம்மாவும் பையனும்தான். லீவு மே மாதத்தில்தான் கிடைக்கும், அதுவும் கொஞ்ச நாள்தான். நிக்காஹ் முடிந்து அவர் முதலில் போவார். விசா வரும் வரைக்கும் என் மகள் சென்னையில் மாமியாரோடு அந்த ஃபிளாட்டில் இருக்க வேண்டும். பையனை எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்குப் பயமெல்லாம் மாமியாரை நினைத்துத்தான்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் அந்த அம்மாவை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகு நாற்காலியில் படவே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். எங்கள் ஊர்த் தண்ணீர் சேருமோ சேராதோ என்று காரில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். நான் பார்த்துப் பார்த்துக் கிளறிய அல்வாவில் ஒரு ஸ்பூன் எடுத்தார். பிறகு கைப்பையிலிருந்து ஈர டிஷ்யூ எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். ஒரு கைக்கு ஒன்று, இன்னொரு கைக்கு இன்னொன்று. என் மகள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்து உட்கார வேண்டிய நேரம் அது. அவள் அந்த டிஷ்யூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினேன்.

அவர்கள் போன பிறகு, "மாமி நல்லவங்கதாம்மா. டிஷ்யூதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

எனக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் எப்படியோ சமாளித்துவிடுவார். அவர் இல்லாத வீட்டில் இரண்டு பெண்கள், நடுவில் ஒரு வாளி. ஒருத்தர் பேசவே மாட்டார், இன்னொருத்தி பேச்சை நிறுத்தவே மாட்டாள். இவள் அங்கே போய் ஏசித் தண்ணீரைப் பிடிப்பாள், குளியலறையில் ஷவரைத் திறக்காதீர்கள் என்பாள், பாட்டில் வாங்காதீர்கள் என்பாள். அந்த அம்மா எத்தனை நாள் பொறுப்பார்? "உங்க பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று ஒரு போன் வந்தால் நான் என்ன செய்வேன்? இந்தப் பயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு கம்பளி போச்சு. அவங்களுக்கு டிஷ்யூ போகும். பழகிடும்" என்றார். இவரிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

கல்யாண ஏற்பாடு மகள் கையில் போனது. எங்கள் ஜமாத் மண்டபத்திலேயே சஹன்கள் இருக்கின்றன. ஆனால் கொஞ்ச காலமாக, கழுவச் சோம்பல்பட்டு, சஹன் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன் மேல் சோறு வைக்கிறார்கள். சாப்பிட்டதும் விரிப்போடு சுருட்டி எறிந்துவிடுவார்கள். அந்த விரிப்பு வேண்டாம் என்றாள். கோடையில் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது என்று என் அக்கா கேட்டாள். அக்கா எனக்கு மூத்தவள், எங்கள் குடும்பத்தில் பந்தி விசாரணை எப்போதும் அவள் பொறுப்பு, அவள் குரல் கேட்டால் மண்டபத்தில் மைக் தேவையில்லை.

"நாலு பேருக்கு ஒரு தட்டுதானே பெரியம்மா கழுவப் போறோம். ஆளுக்கொரு தட்டுன்னாதான் தண்ணி ஜாஸ்தி" என்றாள் மகள்.

அக்காவின் வாயையே அடைத்துவிட்டாள். குடிக்க மண்பானைத் தண்ணீர், மோர், நன்னாரி சர்பத், எல்லாம் எவர்சில்வர் டம்ளரில். கை கழுவ எழுந்து குழாய்க்குப் போக வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே மூக்கு வைத்த கெண்டியால் ஊற்றி, கீழே பாத்திரத்தில் பிடித்து, அந்தத் தண்ணீர் மண்டபத்துத் தென்னை மரங்களுக்குப் போகும். சோறு வீணாகாமல் இருக்க, சஹனில் முதலில் கொஞ்சமாக வைக்க வேண்டும், குறையக் குறையப் போட வேண்டும். அக்கா இந்தக் கடைசி விதியை மட்டும் மிகவும் ரசித்து ஏற்றுக்கொண்டாள். குறையக் குறையப் போடுவது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது.

சம்பந்தியம்மாவுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மகளே போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மாமி, எங்க ஊர்ல தண்ணி பாட்டில், பேப்பர் தட்டு எதுவும் வைக்கல மாமி. சஹன்லதான் சாப்பாடு. வச்சத மட்டும் வீணாக்காம முடிச்சுட்டா போதும் மாமி."

அந்தப் பக்கமிருந்து "சரிம்மா" என்று ஒரே சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கல்யாணம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பெண்ணிடம் சம்மதம் கேட்டு வந்தபோது அவள் கண் ஒரு சுற்று சுற்றியது. பாட்டில் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டாள். நான் அவளுக்கு முக்காடு சரி செய்யும் சாக்கில் அங்கேயே நின்றிருந்தேன். பெண்கள் பந்தி மாடியில். சென்னையிலிருந்து வந்தவர்களை முதலில் உட்கார வைத்துவிட்டு, நம் ஆட்கள் அப்புறம் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு.

அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் காதில் வந்து குசுகுசுத்தாள்.

"ஏண்டி, உன் சம்பந்தி ஒரு சஹன தனியாப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"கூட யாரும் இல்லையா?"

"அவங்க மட்டும் இல்லடி. அத்தன பேரும் ஆளுக்கொண்ணு."

மாடிக்கு ஓடினேன். ஜமுக்காளம் விரித்த கூடம் முழுக்க சஹன்கள். ஒவ்வொரு சஹனுக்கும் முன்னால் ஒரே ஒரு பெண். நாலு பக்கமும் நாலு பேர் உட்காரத் தோதாக இடம் விட்டு வைத்திருந்ததை அவர்கள் தாராளமான ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சஹன் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தட்டு, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். யாரும் பேசவில்லை, சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து நெய்ச்சோற்றைக் கடமையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறும் பெண்களோ எங்கள் ஊர் மரியாதைப்படி, ஒரு பக்கம் குழி விழுந்தால் போதும், ஓடிவந்து நிரப்பினார்கள்.

நடுவில் சம்பந்தியம்மா. அல்வாவில் ஒரு ஸ்பூன் எடுத்த அதே அம்மா. முகமெல்லாம் வியர்வை. தன் முன்னால் இருந்ததை ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு பக்கம் வழி பண்ணியிருந்தார். நிமிர்வதற்குள் ஒரு பெண் கரண்டி நிறையப் போட்டுவிட்டுப் போனாள். அவர் அதைப் பார்த்தார். ஒரு வாய் மோர் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார்.

"ஏன் யாரும் சொல்லல?" என்று அக்காவைக் கேட்டேன்.

"எப்புட்றி சொல்றது? மாப்பிள்ளையோட அம்மாகிட்டப் போயி, நீங்க நாலு பேரு சோத்த ஒத்தையாத் திங்கிறீங்கன்னு சொல்லவா? நீ வேணா சொல்லு."

நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் அந்த அம்மா கூசிப்போவார். சொல்லாமல் விட்டால் அவர் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவார். அந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்கள் சுவரோரமாகப் பசியோடு நின்றுகொண்டிருக்கிறார்கள், உட்கார ஒரு சஹன் மிச்சம் இல்லை. என் மகள் போய்ச் சேரும் வீடு அது. முதல் நாளே அவமானப்படுத்தி அனுப்பிவைத்தால் அது யார் தலையில் விடியும்?

ஒன்றும் யோசிக்கவில்லை. நேராகப் போனேன். முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி சஹனை நோக்கிக் கையை நீட்டினேன்.

சம்பந்தியம்மா பதறிப்போய் நிமிர்ந்தார். சஹனின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க, எடுத்துடாதீங்க. நான் முடிச்சுடறேன். கொஞ்சம் நேரம் மட்டும் குடுங்க. வீணாக்க மாட்டேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் இந்த அம்மாவை நினைத்து நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். இவர் எங்களை நினைத்து நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். என் மகள் சொன்ன ஒரு வார்த்தைக்காக, சாப்பிடவே தெரியாத மனுஷி, ஒரு பருக்கை விடாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று உட்கார்ந்திருக்கிறார். கூட வந்தவர்களிடமும் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறார், பொண்ணு வீட்டுக்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு, தட்டில் எதையும் மிச்சம் வைத்துவிடாதீர்கள் என்று. பிறகு கேள்விப்பட்டேன்.

"எடுக்க வரலைங்க. சாப்பிட வந்தேன்" என்றேன். வாயில் வந்த பொய்யை அப்படியே சேர்த்துச் சொன்னேன். "எங்க ஊர் வழக்கம் இது. பொண்ணோட அம்மாவும் மாப்பிள்ளையோட அம்மாவும் ஒரே சஹன்லதான் சாப்பிடணும். நான்தான் வர லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க."

அக்கா என் பின்னால்தான் நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு பொய்யின் நுனி கிடைத்தால் போதும். கூடம் அதிரக் குரல் கொடுத்தாள்.

"என்ன எல்லாரும் சுவத்த புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பொண்ணு வீட்டுக்காரங்க போயி சம்பந்தி வீட்டுக்காரங்களோட உக்காந்து சாப்பிடறது நம்ம வழக்கம்ல? ஒரு சஹனுக்கு மூணு பேரு, போங்க போங்க."

எங்கள் பெண்கள் ஒரு நொடி திருதிருவென்று விழித்தார்கள். அப்படி ஒரு வழக்கத்தை அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆனால் பசி. அவரவர் ஒரு சஹனைப் பார்த்துப் போய் உட்கார்ந்தார்கள். கூடத்தில் அதுவரை இல்லாத சத்தம் கிளம்பியது. நீங்க யாரு, பையனுக்கு என்ன முறை, சென்னையில எந்த ஏரியா, தாளிச்சா ஊத்திக்குங்க, எனக்கு வேணாங்க, அட ஊத்திக்குங்க.

நான் ஒரு நல்ல கறித்துண்டாகப் பார்த்து சம்பந்தியம்மா பக்கம் தள்ளினேன். அவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். "அதை நீங்க எனக்குத் திருப்பித் தள்ளணும்" என்றேன். தள்ளினார். நான் மறுபடி தள்ளினேன். மூன்றாவது முறை அவருக்கு ருசி பிடித்துவிட்டது, என்னை முந்திக்கொண்டு ஈரலையும் தள்ளினார். அப்போதுதான் அந்த அம்மா சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். அதை மறைக்கத்தான் சிரிக்காமல் இருந்தாரோ என்னவோ.

கீழே ஆண்கள் பக்கமும் இதே குழப்பம்தானாம். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, "பாய், அது நாலு பேருக்கு. தள்ளி உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் ஹா ஹா என்று சிரித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்களுக்கு வாழ்க்கை எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

சாயங்காலம் பெண்ணை அனுப்பும் நேரம். அழக்கூடாது என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். அதெல்லாம் நடக்கிற காரியமா? மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "டிரம்ம வாரத்துக்கு ஒருவாட்டி தேச்சுக் கழுவும்மா" என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள். பெற்ற வயிறு பற்றி எரியும்போது இவளுக்கு டிரம். அடிக்கலாமா, அணைக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

சம்பந்தியம்மா என்னைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார்.

"அது நாலு பேருக்கு வைக்கிறதாமே" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கீழே இருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க அந்த வழக்கத்தைச் சொன்னப்பவே கதைன்னு தெரிஞ்சுது. உங்க அக்கா அதைவிட மோசம்." அந்தக் கோணல் பல் லேசாகத் தெரிந்தது. பிறகு குரலை இறக்கினார். "எனக்கு ஒண்ணு வேணும். கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்தத் தட்டு ஒண்ணு குடுங்க. மவன் துபாய் போனதுல இருந்து நான் டிவியப் பாத்துக்கிட்டு ஒத்தையாத்தான் சாப்பிடறேன். இப்ப இவ வரா. ஆளுக்கொரு தட்டுன்னா அவ ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்லன்னு ஆயிடும். இது இருந்தா ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்துதானே ஆகணும்?"

தலையை ஆட்டினேன். மண்டபத்து சஹன் ஜமாத்துடையது, தர முடியாது. மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் நிற்க, நான் சந்து வழியாக வீட்டுக்கு ஓடினேன். கொல்லையில் டிரம்மைத் திறந்து, மூடியாகக் கிடந்த சஹனை எடுத்து, அந்த ஏசித் தண்ணீரிலேயே புளி போட்டுத் தேய்த்து, முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். அது என்ன வேலையில் இருந்த சஹன் என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. மகள் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். காருக்குள் உட்கார்ந்தபடி, "அம்மா, அப்ப டிரம்முக்கு மூடி?" என்றாள்.

"நீ கெளம்புடி மொதல்ல" என்றேன்.

அடுத்த வாரமே எங்கள் தெருவில் நடந்த கல்யாணத்தில் நான் சும்மா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அம்மாவைக் கொண்டுபோய், மாப்பிள்ளையின் அம்மா சாப்பிடும் சஹனுக்கு எதிரே உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "இது தெரியாதா உங்களுக்கு? அந்தக் காலத்துலேர்ந்து நம்ம வழக்கம்ல" என்றார் ஒரு பெண்மணி, கொஞ்சம் கோபமாகவே. அக்கா என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டிலும் இல்லை அங்கே, விரிப்பும் இல்லை.

மாப்பிள்ளை லீவு முடிந்து துபாய் போனார். போன மறுநாளே மகளுக்குப் போன் போடக் கை துறுதுறுத்தது. போட்டால் அழுவாளோ என்று பயம், போடாவிட்டால் என்ன நடக்கிறதோ என்று பயம். மத்தியானம் வரைக்கும் பொறுத்துவிட்டு எடுத்தேன்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேம்மா. அப்புறம் பேசவா?"

"ஏன், என்ன அவசரம்?"

"நான் உன்கிட்டப் பேசிக்கிட்டிருந்தா மாமி மீனையெல்லாம் என் பக்கம் தள்ளிடறாங்க. நான் திருப்பித் தள்ளணும்ல? வையி."

வைத்தேன். கடையிலிருந்து அப்போதுதான் வந்த வீட்டுக்காரர், "என்ன சொல்றா?" என்றார்.

"சாப்பிடறாளாம்" என்றேன்.

கொல்லையில் டிரம்முக்கு ஒரு பழைய பலகையைப் போட்டு வைத்திருந்தேன். அளவு பத்தாமல் ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பேசினுக்குக் கை கழுவப் போனார். எனக்கும் ஒரு தட்டு எடுக்கப் போனவள் அதை விட்டுவிட்டு, அவருக்கு வைத்திருந்த தட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டேன். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து சரியாக இறங்காமல் இருந்த சோறு, அன்றைக்குத்தான் எனக்குப் பசித்து இறங்கியது.